நாற்பத்தொன்றாம் பக்கம்

நாவல் வெளிவந்ததும் எனக்கு வந்த முதல் போன் வெற்றிலையைப் பற்றியது. எங்கள் சபையின் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற வாத்தியார், அரைமணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவ்வளவு பெரிய தேவ மனிதரை வெற்றிலை குதப்ப வைத்திருக்கிறாயே, உனக்கு எப்படிக் கை வந்தது என்று கேட்டார். உபதேசியார் வெற்றிலை போட்டது உண்மை. வெற்றிலை தீர்ந்துவிட்டது, அடுத்த வண்டியில் அனுப்பவும் என்று அவரே தன் கையால் எழுதிய கடிதம் சபை அலமாரியில் இருக்கிறது. அதைச் சொன்னேன். வாத்தியார் நம்பவில்லை. அதே நாவலில் நான் முழுக்க முழுக்க இட்டுக்கட்டிய ஒரு விஷயம் உண்டு. அதைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கியதாகச் சொன்னார்.

உபதேசியார் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில், இப்போது கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிறிஸ்தவக் கிராமம். தாது வருஷப் பஞ்சத்தில் அங்கே ஊழியத்துக்கு வந்து, கஞ்சித் தொட்டி திறந்து, சுற்று வட்டாரத்தையே பிழைக்க வைத்தவர் அவர். அவருக்குப் பேர் உண்டு, கல்லறையில் பொறித்தும் இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் யாரும் பேரைச் சொல்ல மாட்டார்கள். உபதேசியார் என்றால் அவர் ஒருவர்தான்.

நான் அந்த ஊர்க்காரி இல்லை. தூத்துக்குடிப் பக்கம். பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலைக்கு வந்தேன். முதலில் உற்பத்தி லைனில் நின்றேன், பிறகு ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆடிட் வந்தால் எந்த நாளில் எந்தப் பொருளை யார் சோதித்தார்கள் என்று தாளை எடுத்துக் காட்டுவது என் வேலை. கம்பெனியில் எல்லாரும் சொல்கிற ஒரு பேச்சு உண்டு. ரெக்கார்டில் இல்லையென்றால் அது நடக்கவே இல்லை, ரெக்கார்டில் இருந்தால் அது நடந்ததுதான். சொல்லிச் சொல்லி எனக்கும் அது ஊறிப்போயிற்று. எதை எழுதினாலும் பக்க எண் போடாவிட்டால் கை அரிக்கும்.

ஹாஸ்டலில் சில வருஷம் இருந்துவிட்டு, கோவிலுக்குப் பக்கம் என்று அந்தக் கிராமத்தில் வாடகைக்கு வந்து ஒட்டிக்கொண்டேன். சபையின் மாதப் பத்திரிகையில் சிறுகதைகள் எழுதினேன். ஒரு தைரியத்தில் உபதேசியாரைப் பற்றி நாவல் எழுத உட்கார்ந்தேன்.

பாதியில் நின்றுவிட்டது. நல்லவர் வந்தார், கஞ்சி ஊற்றினார், ஊர் பிழைத்தது. இதை எத்தனை பக்கத்துக்கு இழுப்பது? கதையில் யாராவது ஒருவன் திருட வேண்டியிருந்தது. தேடிக்கொண்டு நான் தூரம் போகவில்லை.

அந்த ஊரில் ஒரு குடும்பத்துக்கு 'படியளந்தார் வூடு' என்று பேர். பஞ்ச காலத்தில் கஞ்சித் தொட்டிக்கு வந்த தானியத்தை அளந்து கொடுத்தவரின் வாரிசுகள். அன்றிலிருந்து ஒரு வழக்கம் இருக்கிறது. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை அன்று பீடத்துக்கு முன்னால் காணிக்கை அரிசியின் முதல் படியை அந்த வீட்டுக் கைதான் அளக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கொண்டுவந்த நெல்லும் பூசணியும் கோழியும் உள்ளே வரும், ஏலம் நடக்கும். நிலமெல்லாம் கம்பெனிக்குப் போய், அரிசியைக் கடையில் வாங்கிவந்து பண்டிகை கொண்டாடுகிற காலத்திலும் இந்த ஒன்றை மட்டும் யாரும் மாற்றவில்லை. அந்தக் குடும்பத்துக்கு வேறு சொத்து கிடையாது.

அந்த வீட்டின் இன்றைய ஆள் எங்கள் கம்பெனி கேன்டீனில்தான் வேலை செய்தார். காண்டிராக்ட் ஆள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். தினமும் மதியம் என் தட்டில் சோறு போடுகிறவர் அவர்தான். நான் நாவல் எழுதுகிறேன் என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டு, தன் முப்பாட்டனைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். எல்லாருக்கும் அளந்து முடித்த பிறகுதான் பெரியவர் தன் வீட்டுக்கு அளப்பாராம். மிச்சம் இருந்தால்தான். சில நாள் இருக்காதாம், பிள்ளைகள் பட்டினியாகப் படுக்குமாம்.  நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அதை என்ன செய்தேன் தெரியுமா? தலைகீழாகத் திருப்பினேன். கடைசியில் தன் வீட்டுக்கு அளக்கிறவன், மிச்சம் இருக்கிற மாதிரிதானே மற்றவர்களுக்கு அளந்திருப்பான் என்று யோசித்தேன். படிக்குள் மெழுகு வைத்து இன்னொரு அடித்தகடு ஒட்டி, ஒவ்வொரு பட்டினிக்காரனிடமும் ஒரு பிடி திருடுகிற ஆளாக அவரை எழுதினேன். உபதேசியார் அதைக் கண்டுபிடிக்கிறார், யாரிடமும் சொல்லாமல் மன்னிக்கிறார், சபைப் பதிவேட்டில் மட்டும் ஒரு வரி எழுதி வைக்கிறார்: 'படிக்குள் இன்னொரு அடி கண்டேன். கர்த்தர் அவனுக்கு இரங்குவாராக.' அதன் கீழே, பதிவேடு, நாற்பத்தொன்றாம் பக்கம் என்று போட்டேன். செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன மனிதர், யாருக்கு நோகப் போகிறது என்று நினைத்தேன். கேன்டீன் அண்ணன் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை என்றும் நினைத்தேன். இரண்டாவதாக நினைத்ததுதான் எனக்கு இன்றும் அசிங்கமாக இருக்கிறது.

நாற்பத்தொன்று சும்மா வந்த எண் இல்லை. சபை அலமாரியில் நிஜமாகவே உபதேசியார் காலத்துப் பதிவேடு உண்டு, நாவலுக்காக அதைப் பல நாள் புரட்டியிருக்கிறேன். தையல் விட்டுப்போய், கரையான் கடித்து, முப்பத்தொன்பதிலிருந்து நாற்பத்தாறு வரை நான்கு தாள் அதில் இல்லை. இல்லாத பக்கம் என்றால் யாரும் போய்ப் பார்த்து மறுக்க முடியாது அல்லவா? ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறவளின் புத்தி. அன்று அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து மகிழ்ந்தேன்.

புத்தகம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் போயிற்று. ஊரில் வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். தண்டலத்தில் ஒரு கல்லூரியில் வாசகர் கூட்டம் வைத்துக் கூப்பிட்டார்கள். அங்கே பேசிய பேராசிரியர் ஒருவர், புதைந்து கிடந்த ஆவணத்தைத் தோண்டியெடுத்து வரலாற்றின் இருண்ட பக்கத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கிறார் என்று என்னைப் புகழ்ந்தார். கைதட்டினார்கள். அது நானே எழுதிய வரி என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். மைக் என் கையில்தான் இருந்தது. நான் சிரித்தேன், நன்றி சொன்னேன், சால்வையை வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கேன்டீனில் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் சூப்பர்வைசர் ஒருவர், அதே ஊர்க்காரர்தான், சோற்றுக் கரண்டியை எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணா, இதுக்குள்ள இன்னொரு அடி இல்லியே என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சோறு போடுகிறவர் ஒன்றும் புரியாமல் தானும் சிரித்தார். என் முறை வந்தது. வழக்கம்போல் ஒரு கரண்டி அதிகம் வைத்தார். 

இரண்டு நாளில் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவருடைய மகள் அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஷிப்ட் முடிகிற நேரம், கேன்டீன் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வாங்கண்ணே என்றேன். வரவில்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் எதையாவது பதிலுக்குச் சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் பயந்து போயிருந்தார்.

"மேடம், நாப்பத்தொண்ணாம் பக்கம்னு போட்டுகீறீங்களே. அதுல எங்க ஆளு பேரு எழுதிக்கீதா?"

"இல்லண்ணே. அது கதை. நானா எழுதுனது."

"கதைன்னா பக்கம் எதுக்கு மேடம்?"

 நாவல் என்றால் அப்படித்தான், உண்மை மாதிரி இருக்க வேண்டும் என்று ஏதோ உளறினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, இந்த வருஷம் முதல் படியை வேறு வீட்டுக்குக் கொடுக்கலாமா என்று கமிட்டியில் பேசிக்கொள்கிறார்கள், நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றார். வருகிறேன் என்றேன். வேண்டுமென்றே யாருக்கும் கெடுதல் செய்கிறவள் நான் இல்லை என்று அவரிடம் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லியிருந்தால் அதுவும் ஒரு கதைதான்.

முதலில் சபை வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அந்தச் சம்பவம் என் கற்பனை, அதற்கு எந்த ஆதாரமும் இல்லை, படியளந்தார் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெளிவாகவே எழுதினேன். வரிசையாகக் கைகூப்பிய படங்கள் வந்தன. தங்கள் தாழ்மை எங்களைத் தொட்டது என்று ஒரு அம்மா எழுதினார். பாவத்தை மன்னிக்கிற மனம் உபதேசியாருக்கும் இருந்தது, உங்களுக்கும் இருக்கிறது என்று வெற்றிலை வாத்தியார் எழுதினார். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. கோவிலுக்குள்ளேயே, பெஞ்சுகளில். சுமார் முப்பது பேர் இருப்பார்கள். கேன்டீன் அண்ணன் மனைவியோடும் மகளோடும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெண் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து சொன்னேன். அந்தத் திருட்டு நடக்கவில்லை. அந்த வரியை உபதேசியார் எழுதவில்லை, நான் எழுதினேன்.   கமிட்டிச் செயலாளர் மிகவும் அன்பாகச் சிரித்தார்.

"சிஸ்டர், நீங்க பாவம் பாத்துதான் சொல்றீங்க. தெனமும் மூஞ்சிய பாக்கற மனுஷன். எங்களுக்குப் புரியாதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பொய்யை எழுதினேன், தலையில் தூக்கி வைத்து ஆடினீர்கள். உண்மையைச் சொல்கிறேன், பாவம் பார்க்கிறேன் என்கிறீர்களா என்று கத்திவிட்டேன். கோவிலில் சத்தம் போடக் கூடாது என்று போதகர் கையமர்த்தினார். பதிவேட்டையே கொண்டுவந்து பார்த்துவிடலாம் என்றார் யாரோ. அலமாரியைத் திறந்து கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் மேஜையில் வைத்தார்கள். அந்த நிமிஷம் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை. நாற்பத்தொன்றாம் பக்கம் அதில் இருக்காது, இல்லாத பக்கம் என்று தெரிந்துதான் அந்த எண்ணைப் போட்டேன் என்று சொன்னேன். இதைவிடப் பெரிய நிரூபணம் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

பக்கங்களைப் புரட்டினார்கள். முப்பத்தெட்டு. அடுத்து நாற்பத்தேழு. முன் பெஞ்சிலிருந்து ஒருவர், ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர், எட்டிப் பார்த்தார். அவருக்கும் என்னைப் போலவே தாளும் எண்ணும்தான் பிழைப்பு.

"முன்னாடி கீது, பின்னாடி கீது, நடுவுல நாலு தாளு மட்டும் காணோம். கரையான் இன்னா எண்ணிக்கினா துன்னும்?" என்றார்.

 ஒவ்வொருவராகக் கடைசிப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஏன் என்று புரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாதான் காதில் சொன்னார். கேன்டீன் அண்ணனின் அப்பா நாற்பது வருஷம் அந்தக் கோவிலில் மணி அடித்தவராம். அலமாரிச் சாவி அவரிடம்தான் இருந்ததாம்.

இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. முப்பாட்டனைத் திருடனாக்கியது போதாதென்று, என் சாட்சியால் அப்பாவையும் தாளைக் கிழித்தவராக்கிவிட்டேன். கரையான்தான், தையல் விட்டுப்போனதுதான், அறுந்த தையல் நூலைப் பாருங்கள் என்று மேஜைக்கு ஓடிப்போய்க் காட்டினேன். செயலாளர் பதிவேட்டை மெதுவாக மூடினார். கடைசிப் பெஞ்சில் அந்த அண்ணன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி எழுந்து வெளியே போனார். போகும்போது என் பக்கம் திரும்பவில்லை.

போதகர் நல்லவர், சமாதானப் பிரியர். யாரையும் நோகடிக்க வேண்டாம், வழக்கத்தையும் மாற்ற வேண்டாம் என்று யோசித்து ஒரு வழி சொன்னார். முதல் படியை அந்த வீடே அளக்கட்டும். அளப்பதற்கு முன் படியைக் கவிழ்த்து, உள்ளேயும் வெளியேயும் சபைக்குக் காட்டிவிட்டு அளக்கட்டும். சந்தேகம் தீர்ந்துவிடும், எல்லாருக்கும் திருப்தி. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். இதற்குச் சம்மதிக்காதீர்கள் என்று மனசுக்குள் கத்தினேன். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. நான் பேசினால் இன்னும் எது கிளம்புமோ?

கேன்டீன் அண்ணன் எழுந்து, சரிங்க என்றார்.

பண்டிகை அன்று வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். பித்தளைப் படியை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தார். கேட்காமலே விரலால் உள்ளே தட்டியும் காட்டினார். டொக் டொக் என்று அந்தச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. குழந்தைகள் சிரித்தன. பிறகு அளந்தார். அரிசி கொஞ்சம் தரையில் சிந்தியது. நூற்றைம்பது வருஷமாக அந்த வீட்டில் யாரிடமும் யாரும் கேட்காத ஒன்றை, என் நாவலில் ஒரு அத்தியாயம் விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் செய்து காட்டினார். நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தியில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பதிப்பாளரிடம் சொல்லி அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். முக்கியமான பக்கங்களைப் பயந்துபோய் நீக்கிவிட்டார்கள் என்று இரண்டு வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். ஒருவர் பழைய பதிப்பிலிருந்து அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து ஊர்க் குழுவில் போட்டார். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாவது நாவல் எழுத உட்காரும்போதெல்லாம் அந்த டொக் டொக் கேட்டது, எழுதவில்லை.

அடுத்த வருஷம் படியைக் கவிழ்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவராகவே கவிழ்த்தார். ஏன்ணே, விட்டுடலாம்லா என்று கேன்டீனில் மெல்லக் கேட்டேன். காட்டவில்லையென்றால் இந்த வருஷம் ஏன் காட்டவில்லை என்று கேட்பார்கள் என்றார்.

போன பண்டிகைக்குப் புதுப் போதகர் வந்திருந்தார். சின்ன வயசு, உற்சாகமானவர். படி கவிழ்க்கிற நேரம் மைக்கைப் பிடித்து, இது உபதேசியாரே பஞ்ச காலத்தில் ஏற்படுத்திய வழக்கம், நம்முடைய உண்மையைத் தேவனுக்கும் மனுஷருக்கும் முன்பாகத் திறந்து காட்டுவதற்கு அடையாளம் என்று விளக்கினார். அழகாகத்தான் சொன்னார். சபை தலையாட்டியது. மூன்று வருஷத்துக்கு முன் இதே கோவிலில் உட்கார்ந்து இதை முடிவு செய்தவர்களும் தலையாட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன். படியைக் கவிழ்த்துப் பிடித்திருந்த கேன்டீன் அண்ணன் என்னைப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்தார். உட்கார்ந்துவிட்டேன். அவர் படியை நிமிர்த்தி அளந்தார். இந்தத் தடவை ஒரு மணிகூடச் சிந்தவில்லை.

வெளியே ஏலம் நடந்துகொண்டிருந்தது. பந்தலின் ஓரத்துக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவர் விடவில்லை.

"இனிமே எந்திரிக்காதீங்க மேடம். நீங்க எந்திரிச்சாதான் எங்க ஆளு திருடுனது அவங்களுக்கு ஞாபகம் வருது. இப்ப ஏதோ பழைய பழக்கம்னு நெனச்சிக்கினு கீறாங்க. அப்டியே இருந்துட்டுப் போட்டும்."

சரிண்ணே என்றேன். அவர் சொன்ன வாக்கியத்தில் 'திருடுனது' என்று இருந்ததை வீட்டுக்கு வரும் வழியில்தான் கவனித்தேன்.